படத்துக்குப் பேச்சு எங்கே?

அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே மென்பொருளுக்கு உழைக்கிறவர்கள் அவர்கள். கணினித் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவள் அவள்.

யாராவது ஒரு பக்கத்தில் படத்தைப் போட்டுவிட்டு, அது என்ன படம் என்று எழுத்தில் ஒரு வரி சேர்க்காமல் அனுப்பினால் தொலைந்தார்கள். தாட்சண்யமே பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள். கூடவே ஒரே கேள்வி: "படத்துக்குப் பேச்சு எங்கே?" அந்த ஒரு வரி இல்லாவிட்டால் குரல் அந்த இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். என்ன படம், எதற்குப் போட்டார்கள் என்று கேட்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படிக் கேட்டுக் கேட்டே அவள் எல்லோருக்கும் 'பேச்சு அக்கா' ஆகிப் போனாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இந்த வேலைக்குள் அவள் வந்தது தன் தாய்மாமாவுக்காக. அவருக்குப் பார்வை போனபோது, தனக்கு வரும் கடிதத்தை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அவர் மிகவும் வருத்தப்பட்டார். அவருக்காக இந்தக் குரலைத் தேடிப் பிடித்தவள், அதில் இருந்த ஓட்டை உடைசல்களைச் சரிசெய்யப் போய், கடைசியில் அதற்கே பொறுப்பாளி ஆனாள். பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் சமையலை முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கணினியோடு உட்காருவாள். மறுமுனையில் அவள் கணவர், தையல்கடையில் கட்டிங் மாஸ்டர், கடையில் முடியாமல் கொண்டுவந்த சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பார்.

அப்போதுதான் கைபேசி தயாரிக்கும் கம்பெனி ஒன்று வந்தது. அந்தக் குரலைத் தங்கள் கைபேசிகளில் வைக்க அவர்கள் யாரையும் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் தேடி வந்து, மாதாமாதம் சம்பளம் தருகிறோம், வேலையை விட்டுவிட்டு இதையே பாருங்கள், எதைச் செய்வது என்பது உங்கள் முடிவு, எங்கள் முத்திரையை மட்டும் உங்கள் பக்கத்தில் போடுங்கள் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. களைத்துப் போன கண்ணோடு செய்துவந்த வேலையைக் காலை வெளிச்சத்தில், தெளிந்த தலையோடு செய்யலாம் என்றால் சும்மாவா? இன்சூரன்ஸ் வேலையை விட்டாள். கம்பெனியின் முத்திரை வந்து சேர்ந்த அன்றே அதைப் பக்கத்தின் உச்சியில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். அந்தக் கம்பெனியை இன்றுவரை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் சண்டைக்குப் போவாள்.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வையில்லாதவர். இந்தக் குரலை ஆரம்பத்திலிருந்து பயன்படுத்துகிறவர்களில் ஒருவர். எங்கே தடுக்கினாலும் உடனே போன் செய்து சொல்லுவார். நேரில் பார்த்ததில்லை என்றாலும் போனிலேயே அண்ணன், தங்கச்சி என்று ஆகிவிட்டது. குரலைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை.

புதிய பதிப்பு ஒன்று வெளியானபோது, பழைய கணினிகளில் மட்டும் குரல் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஆதிகாலத்துக் கணினி. "டாக்டர் இன்று வர மாட்டார்" என்று வந்த குறிப்பு "டாக்டர் இன்று வர" என்று நின்றுவிட்டது. அண்ணன் தானாகவே "வருவார்" என்று முடித்துக்கொண்டு, போனில் கேட்டவரிடமும் அப்படியே சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் காலை முழுவதும் பெஞ்சில் காத்திருந்து, பிறகு அவரைத் தேடி வந்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனது. அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சீக்கிரம் பார்த்துவிடுகிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்தாள். ஆனால் கைபேசி வேலை ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. இதை முதலில் முடி என்று கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. சம்பளம் வரும் பக்கம் கை தானாகவே போயிற்று.

ஏன் இவ்வளவு தாமதம் என்று பயனாளர் ஒருவர் பொதுவில் கேட்டார். திருத்தம் எழுதுகிற ஒருவர் போகிறபோக்கில் பதில் போட்டார்: கைபேசிக் கம்பெனிதானே அக்காவுக்குச் சம்பளம் தருகிறது, அப்புறம் கைபேசி வேலைதான் முதலில் நடக்கும், பக்கத்தின் உச்சியிலேயே போட்டிருக்கிறதே. அன்று மதியமே அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, உனக்குக் கம்பெனி சம்பளம் தருதாமே?"

"ஆமாண்ணே. இதுல ஒளிவுமறைவே இல்லையே. பக்கத்துல மேலேயே போட்டிருக்கேன்."

"கண்ணு தெரிஞ்சவங்களுக்குப் போட்டிருக்க. நான் இப்பதான் மறுபடியும் கேட்டுப் பாத்தேன். அந்த இடத்துல 'படம்'னு சொல்லிட்டுப் போயிடுது."

அவள் திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தை வாசிக்க விட்டாள். "படம்" என்றது அவள் வளர்த்த குரல். அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், சந்தோஷத்தில் தான் போட்ட முத்திரைப் படத்துக்குப் பேச்சு வைக்க மறந்திருந்தாள். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாருக்காக இந்தக் குரலோ அவர்களுக்கு மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது.

"குழுவுல என்னைக் கேக்கறாங்க," என்றார் அண்ணன். "இது நம்ம குரலா, கம்பெனிக் குரலா, இன்னமும் நம்பலாமா, இல்ல வேற ஏதாவது பாத்துக்கலாமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் அண்ணே என்று போனை வைத்தாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது, "நீயா?" என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். காஜா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு வரி சேத்துட்டா கம்பெனிப் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஆனா அவங்க வேலைய முன்னாடி தள்ளிவிட்டியே, அது எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு மழுப்ப வழியில்லை. மறுநாள் காலையிலேயே கம்பெனியில் தன்னோடு தொடர்பில் இருந்த அதிகாரியைக் கூப்பிட்டாள். நடந்த எல்லாவற்றையும் பொதுவில் எழுதப் போவதாகச் சொன்னாள். குரல் திறக்கும்போதே உங்கள் பெயரைச் சொல்லும், பழைய கணினிகளுக்கு நான் ஒதுக்கும் நாட்களுக்கு உங்கள் சம்பளம் வேண்டாம் என்றாள். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன், கம்பெனிக்காரர்கள் பதில் சொன்னபிறகு எழுதுவதுதான் மரியாதை, அதுவரை குழுவைப் பிடித்து வையுங்கள் என்றாள். வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. பதில் வரும்வரை மாதக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள்.

பதில் வந்தது. சம்பளம் குறையும், ஆனால் தொடரும். அதிகாரி ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: "பேரைத் தாராளமா சொல்லட்டும்மா. சரியா சொல்லச் சொல்லுங்க. இப்ப உங்க குரல் எங்க பேரைக் கடிச்சுத் துப்புது."

அவள் எழுதினாள். யார் பணம் தருகிறார்கள், எந்த வேலைக்குத் தருகிறார்கள், எந்த வேலைக்கு அந்தப் பணம் இல்லை என்று எல்லாம் எழுத்தில், ஒரு படம்கூட இல்லாமல். கம்பெனி என்னை வளைக்கவில்லை, நானே சாய்ந்துவிட்டேன் என்றும் எழுதினாள். இரண்டொருவர் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழைய பக்கத்தை யாரோ ஒரு குறும்புக்காரர் அவளுக்கே அனுப்பி, "படத்துக்குப் பேச்சு எங்கே?" என்று கேட்டிருந்தார். பல நாள் கழித்து அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குறைந்த சம்பளத்தை ஈடுகட்ட இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டாள், வாரத்தில் சில நாள் வரச் சொல்லிப் பழைய நாற்காலியையே கொடுத்தார்கள். அதற்காகவும் நன்றி சொன்னாள்.

திருத்திய பதிப்பு வெளியானபோது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். கம்பெனிப் பெயரைக் கேட்க விரும்பாதவர்கள் அந்த வாக்கியத்தை நிறுத்திக்கொள்ள வழி வைத்திருந்தாள். எல்லோரும் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தாள்.

காலையில் அண்ணன் போன் செய்தார். "இரு, வைக்காத," என்றவர், போனைக் கணினிப் பக்கம் நீட்டிப் பிடித்தார். குரல் விழித்தது. இந்தக் குரலுக்காக உழைப்பவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை இன்ன கம்பெனி தருகிறது என்று கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தது. அதன்பிறகு, "ரொம்ப நன்றிங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது. அண்ணன்தான்.

"யார்கிட்டண்ணே சொல்றீங்க?"

"அவங்ககிட்டதான். இத்தனை நாளா அவங்க காசுல வந்த குரலைக் கேட்டுக்கிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லல. எனக்குத் தெரிஞ்சாதானே தங்கச்சி சொல்ல முடியும்?"

அதற்குள் ஆஸ்பத்திரியில் இன்னொரு மணி அடித்தது. "லைன்லயே இரு," என்று சொல்லிவிட்டு அவர் அந்த அழைப்பை எடுத்தார். டாக்டர் இன்று வருவாரா என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கணினி எதையோ வாசிப்பதும், அதற்குப் பிறகு அவர் சொல்வதும் இவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வருவாரு. தைரியமா கூட்டிட்டு வாங்க."