என் வார்டிலேயே நான் படுத்திருந்தபோது

அரசாங்க மருத்துவமனை வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, சிங்கப்பூரில் ஓர் இடத்துக்கு நேர்காணலும் முடித்திருந்த சமயத்தில்தான் எனக்குக் கொசுக்கடியில் வரும் டிங்கிக் காய்ச்சல் வந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரில் பெண்களுக்கான பொது வார்டில் அப்போது எனக்கு வேலை. ஒப்பந்த டாக்டர். அடுத்த ஆண்டு எந்த ஊரில் இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காலையில் உள்ளே நுழைந்தால் நோயாளிகளோடும் தொலைபேசியோடும்தான் பேச்சு. கூடவே வேலை செய்பவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. பகல் சோற்றை மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுங்குவோம். ஒருநாள் என் கணவர் கேட்டார்: "உங்க வார்டுல யாராச்சும் சிரிப்பாங்களா?"

அன்று காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது காலெல்லாம் வலித்தது. தைப்பிங்கிலிருந்து வந்திருந்த இளைய டாக்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அக்கா, கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. உட்காருங்க லா."

"இன்னும் அந்தப் பக்கம் பார்க்கணுமே?"

"நான் பாத்துக்கிறேன். கையக் கொடுங்க, ரத்தம் எடுக்கணும்."

மதியத்துக்குள் நோயாளிகளின் பச்சை உடையை மாட்டிக்கொண்டு அதே வார்டில் மூலைக் கட்டிலில் படுத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சுங்கை சிப்புட் பக்கத்து அம்மா ஒருவர், சர்க்கரைப் புண்ணோடு இருந்தார். முன்பு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டத்தில் இப்போது எண்ணெய்ச் செம்பனையின் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். என்னைக் கண்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா டாக்டர், நேத்து என் கால பாத்தீங்க. இன்னிக்கு நீங்களே வந்து படுத்துட்டீங்க?"

சிரித்தேன். விலா வலித்தது.

படுத்துக்கொண்டு பார்த்தபோது வார்டு வேறு மாதிரி இருந்தது. ஊசி என்றாலே கையை இழுத்துக்கொள்ளும் ஒரு சீன அம்மாவிடம் அந்தத் தைப்பிங் டாக்டர் டுரியான் பழத்தைப் பற்றியே பேசி, அந்த அம்மா எந்த ஊர்ப் பழம் நல்லது என்று வாதாடிக்கொண்டிருந்தபோதே ஊசியைப் போட்டு முடித்தார். அத்தனை நாள் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட நான் இதைக் கவனித்ததில்லை.

காய்ச்சல் இறங்கத் தொடங்கியபோது எங்கள் தலைமை டாக்டர் வந்தார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் வந்தால் வார்டே நிமிர்ந்து நிற்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு. திறந்தால் நண்டு சூப்.

"டிங்கிக்கு இது நல்லதுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல. எங்கம்மா சொல்வாங்க. குடி," என்றார் மலாயில்.

குடித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன்.

"போகப் போறியாமே?"

"வேலை கஷ்டம்னு இல்ல, டாக்டர். இத்தன பேருக்கு நடுவுல தனியா இருக்கிற மாதிரி இருக்கு."

அவர் தூக்கை வாங்கி மூடி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும்தான்."

நான் தேறி வேலைக்குத் திரும்பியபோது, தலைமை டாக்டர் சொல்லி, உடைந்த சக்கர நாற்காலிகள் கிடந்த சாமான் அறையைக் காலி செய்து மேசை போட்டிருந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கிக்கொண்டு அழைப்புகளைக் கவனிப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் வாங்கிக்கொண்டவர் தலைமை டாக்டர். வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் மணி அடிக்க, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அவர் தவித்ததைப் பார்த்துப் பயிற்சி டாக்டர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்கள். "மக்கான் டுலு!" என்று அதட்டினார். முதலில் சாப்பிடுங்கள் என்று. அவரும் சிரித்துவிட்டார்.

வேலை குறையவில்லை. கட்டில் கிடைக்காமல் நோயாளிகள் காத்திருந்த நாட்களும் மாறவில்லை. எங்களில் ஒருவர் வெளிநாடு போகத்தான் செய்தார். அந்த மேசையிலேயே லக்சா நூடுல்ஸ் வாங்கி வைத்து வழியனுப்பினோம். ஆனால் ஒருவர் முகம் வாடியிருந்தால் இன்னொருவர் கேட்டார். கேட்க ஆள் இருந்ததால் சொல்லவும் முடிந்தது. சிங்கப்பூருக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஆண்டு தைப்பிங் டாக்டருக்குக் கல்யாணம். எத்தனை பேர் போக முடியுமோ அத்தனை பேரும் போகும்படி முறைவேலையை மாற்றிக்கொண்டோம். தைப்பிங் மழை சும்மா விடுமா? கோயில் வாசலில் இறங்குவதற்குள் பட்டுச்சேலையெல்லாம் நனைந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த எங்கள் டாக்டர் எங்களைப் பார்த்ததும் மாலையோடு எழுந்து நின்று கையாட்டினார். ஐயர் உட்காரச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து புறப்படும்போது, வார்டில் வேலையில் இருந்தவர்களிடமிருந்து செய்தி வந்தது: "வடையை மறந்துடாதீங்க லா."

மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் கேட்டுப் பை நிறைய வாங்கிக்கொண்டு நேராக ஈப்போவுக்குக் காரைத் திருப்பினேன்.