கோவில் மண்ணும் பித்தக்குழாய்ப் படமும்

கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பது எனக்கு எழுபது வயதுவரை தெரியாது. போன ஆடியில் மேல்வயிற்றில் வந்த வலி முதுகுவரை துளைத்தபோதுதான் அது வீங்கியிருக்கிறது என்றார்கள். சங்கரன்கோவிலிலேயே ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பொடிப்பொடியாகக் கல் தெரிந்தது. ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயில் அடைத்திருக்கலாம், ஆனால் குடலில் வாயு இருப்பதால் குழாயின் அடிப்பக்கம் தெரியவில்லை என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டரம்மா என் மகளிடம் விளக்கினார். குழாயில் கல் இருந்தால் வாய்வழியாக டியூப் விட்டு எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி கணையம் வீங்கும், இந்த வயதில் தாங்காது. கல் இல்லையென்றால் டியூப் விடவே கூடாது, அதிலும் ஆபத்து உண்டு. எம்ஆர்ஐ மிஷினில் பித்தக்குழாயைப் படம் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பக்கத்தில் படுத்திருந்தேன். டாக்டர்களிடம் பேச எனக்குக் கூச்சம். பேசுவது என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. வலி வந்த நாளிலிருந்து எல்லாமே அடுத்த வீட்டில் நடப்பதுபோல இருந்தது.

மறுநாள் காலை படம். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். மகள் ஊரிலிருந்து அம்மன் கோவில் புற்றுமண் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் அந்த மண்தான், அப்புறம்தான் டாக்டர். மகள் டீ குடிக்கப் போயிருந்தபோது ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் கரைத்தேன். ஒரு மடக்குக் குடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மீதியை எங்கே ஊற்றுவது? அம்மன் மண் கரைத்த தண்ணீரைக் கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது. அங்கே இருந்ததோ கக்கூஸும் வாஷ்பேசினும். முழு பாட்டிலையும் குடித்துவிட்டேன். விரதம் கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றி மிஷினுக்குள் தள்ளினார்கள். தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தேன், விடச் சொன்னபோது விட்டேன்.

வெளியே வந்ததும் படம் எடுத்தவர் கேட்டார்.

"ஆச்சி, காலைல ஏதும் குடிச்சியளா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல சார்," என்று மகள் முந்திக்கொண்டாள்.

"வயித்துத் தண்ணி வெள்ளவெளேர்னு விழுந்து குழாய மறைக்குதே. கணையம் வீங்குனா சில பேருக்கு அப்படித் தேங்கும். சரி, தெரிஞ்ச வரைக்கும் அனுப்புதேன்."

அவர் திரும்பி நடந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் டாக்டரம்மா அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்.

"சார்... நான் குடிச்சேன்."

"எவ்வளவு?"

"ஒரு பாட்டில்."

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா!"

"கோயில் மண்ணு கரைச்சது. மிச்சத்தக் கீழ ஊத்தக் கூடாதுல்லா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அம்மையும் இதத்தான் செஞ்சிருப்பா. போயி உக்காருங்க ஆச்சி, மத்தியானம் திரும்ப எடுப்போம். அதுவரைக்கும் அம்மனே வந்து குடுத்தாலும் வாங்கிக் குடிக்கப்படாது, என்ன?"

மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் கம்மலையும் மூக்குத்தியையும் கைக்குட்டையில் முடிந்து கையிலேயே வைத்திருந்தாள். மறுபடி மிஷின், மறுபடி அதே சத்தம்.

சாயங்காலம் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். வெள்ளை நூல்போல் பித்தக்குழாய். அடியில் மிளகைவிடச் சிறியதாக ஒரு கறுப்புப் புள்ளி. காலையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அந்த இடம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"கல்லு இருக்கு. நாளைக்கு எடுத்துருவோம்."

மகள் அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. டாக்டரம்மா முதல் தடவையாக என்னிடம் திரும்பி, ஏதும் கேட்க வேண்டுமா என்றார்.

"நாளைக்கும் தண்ணி குடிக்கக் கூடாதாம்மா?"

"ஒரு சொட்டுகூட."

வார்டுக்குத் திரும்பியதும் மகள் மண் பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் பூசினாள். மீதியை மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.