மேற்படி

எங்கள் மனநல வார்டில் அந்த நர்ஸுக்குப் 'புராணம்' என்று பெயர். வைத்தது மற்ற நர்ஸுகளான நாங்கள்தான். கேஸ் ஷீட்டில் நாங்கள் ஒரு வரி எழுதினால் அவள் ஒரு பக்கம் எழுதுவாள். யார் சாப்பாட்டை ஒதுக்கினார், யார் அம்மாவைக் கேட்டு அழுதார், எல்லாம் அதில் வரும்.

"டாக்டருக்கு இருக்கிறது ரெண்டே கண்ணும்மா, மத்த கண்ணெல்லாம் நாமதான்," என்பார் தலைமை நர்ஸ்.

எங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. முந்தைய ஷிப்டில் 'அமைதியாக இருக்கிறார்' என்றிருந்தால் அதன் கீழே 'மேற்படி' என்று போட்டு ஒப்பேற்றிவிடுவோம்.

ஜன்னலோரக் கட்டிலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் மதியம் தன் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் கொடுத்தார்.

"வச்சுக்குங்க. இனிமே எனக்குத் தேவைப்படாது."

"அதுக்குள்ள கண்ணு சரியாயிடுச்சா?" என்று புராணம் கேலி செய்தாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கதவை உடைக்கப் போனார். அவரைச் சமாதானப்படுத்தி முடித்தபோது ஷிப்டும் முடிந்திருந்தது. முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் போட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றுதான் புராணமும் முதல்முறையாக எல்லா ஷீட்டிலும் 'மேற்படி' போட்டாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. டாக்டர் பிழை திருத்துகிறவரின் ஷீட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அமைதி, அமைதி, மேற்படி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த வாரமே அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அவருடைய மனைவி வந்தார்.

"சண்டை போட வரலைங்க. இங்க கடைசியா என்ன பேசினாருன்னு தெரிஞ்சா போதும்."

புராணம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கண்ணாடி விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடி எங்கேன்னு நானும் கேட்டேன். மறந்துட்டு வந்துட்டேன்னாரு. அதை வாங்கத்தான் அன்னிக்கு இங்க வரக் கிளம்பினேன். பாதி வழியில போன் வந்துச்சு." பிறகு புராணத்தை நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொல்லியிருந்தா அவரைத் தனியா விட்டுட்டு வந்திருப்பேனாம்மா?" என்றார்.

புராணம் அழுதாள். நானும் அழுதேன்.

கண்ணாடியைக் கேட்டு நாங்கள் பெரியவரிடம் போனோம். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள், "அவரே வச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று புராணம் பெரியவரின் ஷீட்டில் எழுதியதை நான் படித்தேன்: 'கண்ணாடியைத் தர மறுக்கிறார். கொடுத்தவர் திரும்பி வந்து கேட்பார், அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறார். அவர் இறந்துவிட்டதை இவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.'