வெள்ளிக் கிரகத்துக்கு ஆட்சேபணை இல்லை

அறுபதுகளில் தாம்பரத்தில் மாலை மின்ரயிலை விட்டு இறங்கியவர்கள் சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி ஓடுவார்கள். நான் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று மேற்கே பார்ப்பேன். மாலையில் தெரிகிற மாதங்களில், சரக்குக் கொட்டகையின் கூரைக்கு மேலே வெள்ளிக் கிரகம் நிற்கும்.

எட்டு ஆண்டுகள் பார்த்தேன். முதலாண்டில் நின்ற அதே இடத்துக்கு, எட்டு ஆண்டு கழித்து, இரண்டு நாள் முன்னதாக வந்து சேர்ந்தது. பூமி சூரியனை எட்டு முறை சுற்றுவதற்குள் வெள்ளி ஏறக்குறைய பதின்மூன்று முறை சுற்றுகிறது. ஐந்து முறை நம்மை முந்துகிறது. ஐந்து, எட்டு, பதின்மூன்று. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை. சனி இரண்டு சுற்று முடிப்பதற்குள் வியாழன் சுமார் ஐந்து சுற்று முடிக்கிறது. அந்த எண்களும் இதே வரிசைதான். இது விதியா, தற்செயலா? படித்தவர்கள் முன்னால் நின்று கேட்க ஆசைப்பட்டேன். வேறெந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை.

நகரத்தில் இருந்த ஒரு விஞ்ஞானச் சங்கம் ஆண்டுக் கூட்டத்துக்கு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. நான் அரசு ஊழியன். விஞ்ஞானக் கட்டுரைக்கு முன் அனுமதி தேவையில்லை என்பது விதி. அந்த விதியை அலுவலகத்தில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்பவனே நான்தான். லீவு கேட்கப் போன இடத்தில் அதிகாரி காரணம் விசாரித்தார்.

"சுக்கிரனா? ஜோசியமா பாக்கறீர்?"

"இல்ல சார், விஞ்ஞானம்."

"விஞ்ஞானமா ஜோசியமான்னு நீரே முடிவு பண்ணிட்டா எப்படி ஓய்? எழுதிக் குடும், மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தேன். கேட்காதவரை தேவைப்படாத அனுமதி, கேட்டபின் தேவைப்படும். விதி தெரியாதவனாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படித்திருப்பான்.

மேலிடம் ஒரு கேள்வி கேட்டது: கணக்கு துல்லியமாக வருகிறதா? இரண்டு நாள் குறைகிறது என்றேன். குறைவுக்கு விளக்கம் கேட்டார்கள். சூரிய மண்டலத்தின் சார்பில் நான் விளக்கம் எழுதினேன்.

பியூன் காதுக்கும் செய்தி போயிருந்தது. "சார், பொண்ணுக்கு வரன் தட்டிக்கினே போவுது. உன் சுக்கிரன் இன்னா சொல்றான்?"

"அவன் பேசறதுக்கே இன்னும் ஆர்டர் வரலப்பா."

கூட்டம் நடந்த அன்று அலுவலகத்தில் இருந்தேன். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: ஆட்சேபணை இல்லை. அதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் செயலாளரைப் பார்க்கப் போனேன்.

"கட்டுரை நிகழ்ச்சி நிரல்ல அச்சாயிடுச்சே சார், எடத்தைக் காலியா விட முடியுமா? ஒரு லெக்சரர் உங்க பேப்பரை வாசிச்சாரு. பிரமாதம்! கைதட்டு ஓயவே இல்ல. அரை மணி நேரம் கேள்வி மேல கேள்வி."

"என் பேரைச் சொன்னாரா?"

"எப்படி சார் சொல்றது? உங்களுக்குத்தான் பர்மிஷன் வரலியே. சொன்னா உங்களுக்குத்தானே வம்பு! அடுத்த வருஷம் வேற கிரகம் ஏதாவது இருந்தா கொண்டாங்க."

அவர் சொன்னதில் விதிப்படி ஒரு பிழையும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த உத்தரவை இதுவரை யாரும் ரத்து செய்யவில்லை. வெள்ளி பூமியை முந்துகிறது என்று அரசாங்க அனுமதியோடு சொல்லக்கூடியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். கேட்கத்தான் ஆளில்லை.