இலை உருவிய பீச் மரம்

கேளம்பாக்கத்தில் பீச் மரம் வைக்கப்போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அனலும் உப்புக்காற்றும் அடிக்கிற ஊரில் மலைப் பழமா என்றார்கள். எனக்கோ பிடிவாதம். என் மனைவி பழனி மலைக்காரி, வீட்டைச் சுற்றிப் பீச் மரங்களோடு வளர்ந்தவள். அவளுக்காகத்தான். குளிர் அதிகம் கேட்காத, வெயில் முற்றுவதற்குள் பழுத்துவிடும் ரகத்தில் ஒட்டுக்கன்று ஒன்றை வரவழைத்து, கொல்லையில் செம்மண் கொட்டி நட்டேன்.

மூன்று வருடம் இலையாகத் தழைத்ததே தவிர ஒரு பூ இல்லை. மலையில் பீச் பயிரிடும் மாமனார் போனில் ஏதோ யோசனை சொல்ல வந்தார். "அங்க நடக்கறது இங்க நடக்காது மாமா" என்று பேச்சை வெட்டிவிட்டேன். பீச் பற்றி நான் படிக்காத கட்டுரை இல்லை, அந்தத் திமிர். தண்ணீர், எரு எல்லாம் என் கையால்தான். வேறு யாரும் மரத்தைத் தொடக்கூடாது.

மார்கழியில் மழை விட்டதும், பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போனேன். திரும்பி வந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், உங்க மரம் மொட்டையா நின்னுகினு கீது? பட்டுப்போச்சா?"

பையைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். ஒரு இலை இல்லை. வெறும் குச்சிகள். அடியில் மண் காய்ந்து கிடந்தது. மனைவி பின்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வேறு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் எகிறியது.

"உன்கிட்ட எதுவுமே தங்காது" என்றேன்.

எங்கள் குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய் அப்போது அரை வருடம்கூட ஆகவில்லை. இதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே நம்பமுடியவில்லை. மரத்தைத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் என்ன சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. "அப்பா சொன்னபடி நான்தான் மூணு நாளா இலையை உருவினேன். தண்ணியும் நிறுத்தினேன். குளிர் இல்லாத ஊர்ல அப்படிச் செஞ்சாத்தான் பூக்குமாம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

அந்த நிமிடமே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தினமும் பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேச்சு 'சாப்பிடுங்க', 'பால் வாங்கணும்' என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

மூன்றாவது வாரம், காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். குச்சி முழுக்க இளஞ்சிவப்புப் பூ. அடுப்படிக்கு ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை மன்னிச்சிடு. நான் அப்படிப் பேசியிருக்கவே கூடாது."

அவள் கையை உதறவில்லை. ஜன்னல் வழியாக மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பூத்ததுனால கேக்கறீங்க" என்றாள். "பூக்காம போயிருந்தா?"