நாலாவது ஆளின் பங்கு

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கைபேசி கத்திற்று. என் வீட்டுக் கடனின் இந்த மாதத் தவணையை வங்கி தானாகவே வெட்டிக்கொண்டதாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. உடனே எனக்கு மூக்கில் மீன் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போர் ஓய்ந்து சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பிக் குடியேறிய காலம். மன்னாரில் ஒரு கடன் சங்கத்தில் எனக்கு முதல் வேலை. கொம்பியூட்டரில் தவணைக் கணக்குப் போடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என் கால் நிலத்தில் படவில்லை. பள்ளிமுனைக் கடற்கரையிலிருந்து மெற்றில்டா அக்கா படகு எஞ்சினுக்குக் கடன் கேட்டு வந்தார். தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்த குடும்பம். கணவரும் இரண்டு தம்பிமாரும் கடலுக்குப் போவார்கள், காசு விஷயம் முழுக்க அக்காதான். இருபத்துநாலு மாதம், மாதாமாதம் ஒரே தொகை என்று அட்டவணையை நீட்டினேன். இரண்டு தவணை தவறினால் எஞ்சின் சங்கத்துக்கு.

"கடல் உங்கட தாளைப் பாத்தோ தம்பி மீன் தரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கரையில் மீன் விற்ற காசை, எண்ணெய்ச் செலவு போக, பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொன்று. அக்கா இன்னொரு பங்கு சேர்த்தார், கடனுக்கு. அதற்கு 'நாலாவது ஆள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மீன் பட்ட நாளில் அவருக்கும் கொழுத்த பங்கு, படாத நாளில் அவரும் பட்டினி. காசு பால்மாத் தகரப் பேணிக்குள், பேணி அந்தோனியார் சுருவச் சிலைக்குப் பின்னால்.

"ஒரு நாள் நனையேல்லை, வலை இழுக்கேல்லை, பங்கு மட்டும் சரியா எடுக்கிறார்" என்று தம்பிமார் திட்டுவார்கள்.

பங்கோடு ஆளுக்குக் கறிக்கு நாலு மீனும் உண்டு. நாலாவது ஆளுக்கும் எடுத்துவைத்தார்கள். அவர் எங்கே போய்ச் சமைப்பது? தவணை வாங்கப் போகிற நாளில் அது என் பைக்குள் வந்துவிடும். இது லஞ்சமோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஒட்டி மீனைப் பார்த்ததும் யோசனை நின்றுவிட்டது.

காற்றுக் காலம் வந்தது. படகுகள் மணலில் கிடந்தன. காசு இருக்காது, ஏன் வெட்கப்படுத்த வேண்டும் என்று ஒரு மாதம் நான் போகவேயில்லை. அடுத்த மாதம் சங்க மனேஜர், "எஞ்சினைக் கழட்டிக்கொண்டு வாரும்" என்று ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார். கையில் ஒரு ஸ்பானர். அதை எந்தப் பக்கம் திருப்புவதென்றே எனக்குத் தெரியாது.

"போன மாசம் ஏன் வரேல்லை? மீன் இல்லையெண்டோ?" என்றார் அக்கா.

பேணியைக் கவிழ்த்து இரண்டு தவணையையும் எண்ணித் தந்தார். மிச்சமும் இருந்தது. கூடவே ஒரு பொதி கருவாடு. ஸ்பானரை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றேன். பின்னாளில் வங்கிப் பரீட்சைக்குப் படித்தபோது, இப்படி முன்கூட்டியே ஒதுக்குவதற்குக் கடன் தீர்ப்பு நிதி என்று பெயரிட்டு இரண்டு பக்கம் சூத்திரம் போட்டிருந்தார்கள். அதில் கருவாடு இல்லை.

கடைசித் தவணைக்குப் பற்றுச்சீட்டு எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் பையை விரித்தேன்.

"ஆள் விலகிட்டார் தம்பி" என்றார் அக்கா. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் மனசுக்குள் கவலைதான்.

அந்தச் சங்கம் இப்போது இல்லை. அக்காவின் மகன் லீசிங் கம்பனியில் தவணைக்கு எஞ்சின் எடுத்திருக்கிறான். காசு வாங்க வருகிற கம்பனிப் பிள்ளை மோட்டார்சைக்கிளை விட்டு இறங்குவதுகூட இல்லையாம். போன முறை அக்காவைப் பார்க்கப் போனபோது கேட்டேன், "கடனுக்கு இப்பவும் பங்கு வைக்கிறனீங்களோ அக்கா?"

"இல்லை தம்பி. இப்பத்தக் கடன் மீன் படாத நாளிலயும் சாப்பிடுது."