மாதாவின் காலடியில் வைத்த பெர்மெஸ்ஸோ

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடலாம். நான் இத்தாலியில் இருக்கலாம் என்று சொல்கிற ஒரே அட்டையை, அதுதான் பெர்மெஸ்ஸோவை, யப்பானில் ஒரு தீவுக் கோயிலில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் நான்.

பேய், அதிசயம் எதையும் நம்புகிறவன் இல்லை. நான் வாழும் இந்தப் பலெர்மோ நகரில் நிலவறைக்குள் நிற்கவைத்த காய்ந்த பிணங்களைப் பார்க்க உலகமே சீட்டெடுத்து வருகிறது. நான் அங்கே நின்று கொட்டாவி விட்டவன்.

போன வருடம் எங்கள் பங்கின் தமிழ் இளைஞர் அணி நாகசாக்கிப் பக்கம் போனது. முப்பத்தாறு வயதில் நீ என்ன இளைஞன் என்று கேட்காதீர்கள், பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று தலைவி ஜெனிபர் அக்கா என்னையும் சேர்த்துக்கொண்டார். சூடாக இருந்த கழிவறை இருக்கையில் அமர்ந்து அலறி எழும்பியதை விடுவோம். அந்தத் தீவில் சனங்கள், வேதம் தடையாயிருந்த காலத்தில் மாதாவை வேறு தெய்வம்போலச் செய்து, தலைமுறை தலைமுறையாக ஒளித்து வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கோயிலுக்குள் சப்பாத்தைக் கழற்றித்தான் போக வேண்டும். எங்கள் ஊர் மன்னாருக்கே வந்துவிட்டதுபோல எனக்கு மனம் உருகிவிட்டது.

உருகியதுதான் பிழை. மன்னாரில் நாங்கள் பரீட்சை அட்டை, பாஸ்போர்ட் எதுவென்றாலும் மாதாவின் காலடியில் வைத்து எடுப்போம். எனக்கோ பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டியிருந்தது. வைத்தேன். மெழுகுதிரி ஏற்றினேன். கண்ணை மூடினேன். எடுக்க மறந்தேன்.

கோயில்காரர் எங்கள் கண்முன்னே கதவைப் பூட்டி, தானே தன் வான் வண்டியில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, கப்பல் மறையும்வரை குனிந்து குனிந்து நின்றார். நடுக்கடலில்தான் சட்டைப்பையைத் தடவினேன்.

"அக்கா, பெர்மெஸ்ஸோவைக் காணேல்லை. மாதாட்டை விட்டிட்டன்."

"என்னடா சொல்லுறாய்? நாளைக்கு விடிய பிளேன்! அது இல்லாமல் உன்னை ஏத்துவாங்களே?"

"மாதாதான் பாக்கோணும்."

"மாதாவுக்கு வேறை வேலை இல்லையே, விசரா!"

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த எமி, இத்தாலி மொழி படித்த பிள்ளை, கோயில்காரருக்கு அழைத்துப் பார்த்தாள். நடுக்கடலில் சிக்னல் இல்லை. திரும்பிப் போக அன்றைக்கு வேறு கப்பலும் இல்லை. பன்னிரண்டு வருட பலெர்மோ வாழ்க்கை முடிந்தது என்று, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு இருக்க வேண்டிய கப்பலின் கம்பள அறையில், வெறுங்காலோடு குந்தியிருந்து அழுதேன்.

கரை வந்தது. சப்பாத்து எடுக்கப் போனேன். எல்லாருடையதும் கழற்றியபடியே கிடந்தன, என்னுடையது மட்டும் வாசலைப் பார்த்துத் திருப்பி அழகாக வைத்திருந்தது. நம்பினால் நம்புங்கள், வலது சப்பாத்துக்குள் என் பெர்மெஸ்ஸோ! மூலையில் ஒரு சொட்டு மெழுகு, விரல் பட்டதும் அமுங்கியது.

"சப்பாத்துக்குள்ளை வைச்சுக்கொண்டே ஒப்பாரி வைச்சனி?" என்று அக்கா முதுகில் ஒன்று போட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். பேய்க்கதை சொல்வதைவிட அடி வாங்குவது லேசு. ஆனால் அந்தச் சப்பாத்தோடுதானே கோயிலிலிருந்து கப்பல்வரை வந்தேன்?

அட்டை போலியாக இருக்குமோ என்ற பயமும் இருந்தது. பலெர்மோ திரும்பிப் புதுப்பிக்கப் போனபோது, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அதிகாரி மெழுகைச் சுரண்டி, கைரேகை பார்த்து, பழையதை வாங்கிக்கொண்டு புதியதைத் தந்தார். பழையதிலிருந்த படமும் என் மூஞ்சிதான். அந்த மூஞ்சியை எந்தப் பேயும் மெனக்கெட்டுச் செய்யாது.

கோயில்காரர்தான் ஏதோ வழியில் கப்பல்காரரிடம் கொடுத்தனுப்பியிருப்பார் என்று முடிவுகட்டி, நிம்மதியாகத் தூங்கினேன். இருந்தும் நன்றி சொல்ல வேண்டாமா? போன கிழமை எமி மூலம் அவருக்கு நீளமாக ஒரு கடிதம் அனுப்பினேன். நேற்று, லிபெர்த்தா வீதியில் நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டு ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஒரு படம். சிலையின் காலடியில், மெழுகு சொட்டிய அட்டை. கீழே ஒரே வரி:

"உங்கள் அட்டை இங்கேதான் இருக்கிறது, எப்போது எடுக்க வருகிறீர்கள்?"